ஓய்வு நாளிலும் விமானத்தோடுதான்

மாதத்தில் பாதி நாட்கள் பயணிகள் விமானம் ஓட்டுகிறவன், கிடைக்கும் லீவிலும் ஏன் இன்னொரு விமானத்தோடு மாரடிக்கிறான் என்று வீட்டில் கேட்கிறார்கள். ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு கொட்டகையில் பாகம் பாகமாகக் கிடக்கும் என் சிப்மங்க் விமானம் பற்றிய கேள்வி அது. திருத்தச் செலவு, வாங்கிய விலையை எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே கேள்வி நியாயமானதுதான்.

சிப்மங்க், இருவர் முன்பின்னாக அமரும் பயிற்சி விமானம். டி ஹவிலண்ட் நிறுவனத்தின் கனடியப் பிரிவு வடிவமைத்தது; 1946 மே 22 அன்று ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் முதன்முதலாகப் பறந்தது. கனடா, பிரித்தானியா, போர்த்துக்கல் மூன்றிலுமாக 1,200 இற்கு மேல் கட்டினார்கள். 1951 இல் உருவான அன்றைய இலங்கை விமானப்படை பயிற்சிக்கு முதலில் வைத்திருந்ததும் இதையே. (யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு விமானம் என்றால் 'பொம்மர்', சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓட்டம். அது வேறு கதை.)

உடல் அலுமினியத் தகடு. இறக்கையின் பிரதான சட்டத்துக்குப் பின்னால் உள்ள பகுதி துணி. ஆம், துணிதான். இப்போது பொலியெஸ்டர் துணியை ஒட்டி, அயர்ன் பெட்டியால் சூடாக்கிச் சுருங்க வைக்கிறோம். கடைசிச் சூடு ஏறத்தாழ 177 பாகை செல்சியஸ். அதற்கு மேல் அதிகம் போனால் துணி தளர்ந்துவிடும், பிறகு இறுகாது. அதனால் அயர்ன் பெட்டியின் திருகை நம்புவதில்லை, வெப்பமானி வைத்துப் பார்ப்போம். பிறகு மெழுகு நூலால் விலா எலும்புகளோடு தைத்து, மேலே பூச்சு அடிக்க வேண்டும். ஈரப்பதம் கூடிய நாளில் அடித்தால் பூச்சு வெளுத்துப் போகும்.

உண்மையான சோதனை பழைய துணியை உரித்த பிறகுதான். அலுமினியம் இரும்பு போலச் சிவப்பாகத் துருப்பிடிப்பதில்லை. முதலில் வெள்ளைத் தூள். முற்றினால் உலோகம் நனைந்த கொப்பியின் தாள்கள் போல அடுக்கடுக்காகப் பிரியும். நீர் வடியும் துளைகளைக் குளவி அடைத்த இடங்களில் இது அதிகம். தேய்த்து எடுத்தபின் மிஞ்சும் தடிப்பை அளந்து, கைநூலின் எல்லைக்குள் இருந்தால் விடலாம். இல்லாவிட்டால் புதுத் தகடு வெட்டித் தறைய வேண்டும். தறையாணி அடிக்க இருவர் தேவை: வெளியே ஒருவர் அடிக்க, உள்ளே ஒருவர் கனத்த இரும்புக் கட்டியைப் பின்னால் பிடிக்க வேண்டும். என் மகளின் கை சிறியது. கட்டி அவள் பொறுப்பு.

முந்நூறு பேரை ஏற்றிச் செல்ல அனுமதி உள்ள எனக்கு, இந்த இறக்கை சரியென்று கையெழுத்திட அனுமதி இல்லை. அதற்கு உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியியலாளர் வேண்டும். எங்கள் பெரியவர் இடது இறக்கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் காணாத இடத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டன். இன்னும் திற," என்றார். மூன்று மாதம் போனது. திறந்த இடத்தில் சட்டத்தின் ஓரத்தில் அந்தத் தாள்கள் இருந்தன. விமானம் அப்படியே பறந்திருக்கும், எத்தனை நாளைக்கு என்பதுதான் தெரியாது. இப்போது வேலைத்தளத்தில் பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டும்போது அடியிலுள்ள கையெழுத்தை நின்று பார்க்கிறேன்.

என்ஜின் ஜிப்சி மேஜர். நான்கு சிலிண்டர்களும் கீழ்நோக்கித் தொங்குவதால், நின்றிருக்கும்போது எண்ணெய் அவற்றுக்குள் கசிந்து தேங்கும். ஸ்டார்ட் பண்ணுமுன் காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்ப்பது அதனால்தான். தேங்கியபடி முடுக்கினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

கனடாவில் எங்களுக்கு 365 நாட்களில் 1,000 மணி நேரம்தான் பறப்பு எல்லை. கொட்டகையில் நிற்கும் நேரத்தை எந்தச் சட்டமும் கணக்கிடுவதில்லை, அதனால் கணக்கு நானே வைத்திருக்கிறேன்: மறுநாள் அதிகாலைப் பறப்பு இருந்தால் அன்று சாவியைத் தொடுவதில்லை. பாதியில் விட்ட ஒவ்வொரு வேலையிலும் சிவப்பு அட்டை கட்டிவிட்டே வெளியேறுவேன். இன்றைக்கு அங்கே பதினொரு அட்டைகள் தொங்குகின்றன.