வேரைப் பிடுங்கிய சுவர்

அமெரிக்காவில் வசிக்கும் தம் தமக்கையாருக்கு, ஆல்ஸைமர் நோயின் ஆரம்ப தசையிலேயே, லெக்கானெமாப் என்னும் மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாய் வழியே ஏற்றிவருகிறார்கள் என்றும், அம்மையார் தலைவலிகூட இன்றிச் சௌக்கியமாயிருக்கையில் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுப்பானேன் என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அம்மருந்து அகற்றுகிறது என்பது பலரும் அறிந்ததே. அப்புரதம் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரிலும் குடிகொண்டிருப்பதை அறிந்தவர் சிலரே. எங்கள் பூர்வீக வீட்டுப் பின்சுவரில் வேரோடியிருந்த அரசங்கன்றைப் பிடுங்கிய வருஷம், அதுவரை ஒரு சொட்டும் கசியாதிருந்த அச்சுவர், ஐப்பசி மழையில் உள்ளறை முழுதும் ஈரமாகும்படி ஒழுகிற்று. சாந்து இற்றுப்போன இடங்களை அந்த வேரே அடைத்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கிற்று. குழாய்ச் சுவரிலிருந்து அமிலாய்டு பெயர்கையிலும் ஏறக்குறைய இவ்வாறே நேர்கிறது என்பது நிபுணர் கருத்து: சிலவிடத்தில் நீர் கசிந்து வீக்கம் காண்கிறது, சிலவிடத்தில் ரத்தம் துளிர்க்கிறது.

இதற்கு 2011இல் 'ஆரியா' என்று பெயரிட்டவர்கள், நோயாளி உணரும் எதையும் குறிக்காமல், படத்தில் தெரியும் மாறுதல் என்ற பொருளையே அப்பெயரில் வைத்தார்கள். என்னை மிகவும் வசீகரித்தது இதுதான். வீக்கம் படத்தில் வெண்பனிபோல் படர்கிறது. கசிந்த ரத்தத்தின் இரும்போ, நாளான பின்னும் அங்கேயே தங்கிக் காந்தப் புலத்தைக் கலைப்பதால், தன் உருவினும் பெரிய கரும்புள்ளியாகத் தோன்றுகிறது. 1,795 பேரைக்கொண்டு நடந்த பரிசோதனையில், மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு வீக்கம் கண்டது. ஏபோஇ4 என்ற மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்குள் அது 32.6 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் எதையும் உணரவேயில்லை. ஆகையால்தான் மூன்றாம், ஐந்தாம், ஏழாம், பதினான்காம் தவணைகளுக்கு முன் படம் எடுக்கச் சொல்கிறார்கள். வீக்கம் கண்டு மருந்தை நிறுத்திவைத்தால், அநேகமாகச் சில மாதங்களில் அது வடிந்துவிடுகிறது.

புதிதாக வந்த தலைவலியையும், பார்வை மங்கலையும், தடுமாற்றத்தையும் 'வயசாகிவிட்டது' என்று தள்ளிவிடும் நம் வழக்கம் இங்கே பெருங்கேடு விளைவிக்கும். பக்கவாதம் கண்டு, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்பட்ட லெக்கானெமாப் நோயாளி ஒருவர், மூளையெங்கும் ரத்தம் கசிந்து இறந்ததை 2023இல் மருத்துவ இதழொன்று வெளியிட்டது. ஆதலால், அன்பரே, தமக்கையாரின் கைப்பையில் இம்மருந்தின் பெயரும் கடைசியாக ஏற்றிய தேதியும் எழுதிய சீட்டொன்றை இன்றே வைக்கச் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை முதலில் காட்டச் சொல்லுங்கள்.