வளைந்த விரல்கள் விட்டுச்சென்ற வேலை

ஏலச்செடி காய்ப்பது தூரில். மண்ணோடு படிந்து கிடக்கும் சரங்களை விலக்கி, விளைந்த காயை மட்டும் எடுத்துக்கொண்டு பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். மழை இருட்டிலும் மர நிழலிலும் இந்தப் பச்சைக்கும் அந்தப் பச்சைக்கும் உள்ள வேற்றுமையைக் கண் பிடித்தாக வேண்டும். மலையிலிருந்து இறங்கி வரும் காயைப் போடிநாயக்கனூரில் பெண்கள் உட்கார்ந்து நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரிக்கிறார்கள். அதற்கும் கண்தான். ஊருக்கு மேலே உள்ள குரங்கணிச் சரிவிலும் போடித் தெருக்களிலும் வயிற்றுப்பாட்டுக்கான முதல் கருவி கண் என்றால் மிகையில்லை.

ஐம்பது, அறுபது வயதில் அந்தக் கண்ணில் புரை விழுந்தால் முதலில் காய் எடுக்கும் வேலை நின்றுபோகிறது. பிறகு, முதுவாக்குடி போன்ற மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஒற்றையடிப் பாதையில் தனியாக இறங்குவது நின்றுபோகிறது. துணைக்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டியிருப்பதால் இரண்டாவது கூலியும் போய்விடுகிறது. இத்தனைக்கும் கண்புரை என்பது சில நிமிட அறுவைச் சிகிச்சையில் தீர்ந்துவிடக்கூடியது. வேதனை அதில்தான் இருக்கிறது.

இன்று குரங்கணிக்காரர் ஒருவர் இதற்காக மதுரைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டியதில்லை. சுமார் 16 கிலோமீட்டர் இறங்கினால் போடி. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனையின் சிறிய பரிசோதனை மையம் இருக்கிறது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைச் சோதித்து, படத்தையும் குறிப்பையும் கணினி வழியாக அனுப்ப, தொலைவிலிருக்கும் மருத்துவர் நோயாளியோடு திரையில் பேசுகிறார். கண்ணாடி போதுமென்றால் கதை அங்கேயே முடிந்தது. அறுவைச் சிகிச்சை தேவையென்றால் இன்னொரு 15 கிலோமீட்டரில் தேனி. அங்கே 1985 முதல் அரவிந்த் மருத்துவமனை இயங்குகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு விதை போட்டவர் 2006 ஜூலை 7 அன்று மறைந்துவிட்டார். மருத்துவமனையின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இல்லை. தாம் வணங்கிய அரவிந்தரின் பெயரையே வைத்தார். ஆனால் அவர் வகுத்துவைத்த வேலை ஒவ்வொரு நாள் காலையும் தொடங்கிவிடுகிறது. ஒரு மனிதர் தமக்குப் பின்னால் எதை விட்டுச்செல்ல முடியும் என்று கேட்பவர்கள் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

1918 அக்டோபர் 1 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிரசவ மருத்துவராக வேண்டுமென்பது அவருடைய எண்ணம். குடும்பத்தில் இளம்பெண்கள் பிரசவ காலத்தில் இறந்துபோனதைப் பார்த்த மனம் அது. ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். 30 வயதுக்குள் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தபோது கைவிரல்கள் வளைந்து இறுகியிருந்தன. பேனா பிடிப்பதே பாடாகிவிட்டது. அந்தக் கையை வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது.

கண் மருத்துவம் படிக்கப் போனார். தம் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, புரையை அறுத்தெடுக்கக் கற்றுக்கொண்டார். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்தார். பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் கண் முகாம் நடத்தினார். வாழ்நாளில் அவர் செய்த அறுவைச் சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1973இல் பத்மஸ்ரீ விருது வந்தது. இத்தோடு ஓய்வு பெற்றிருந்தாலும் மதுரைப் பக்கம் அவரை மறந்திருக்காது. கைராசிக்கார டாக்டர் என்று ஒரு தலைமுறை சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்த தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1976இல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். வங்கிகள் கைவிரித்தன. வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்தினர் நகைகளை அடகு வைத்தார்கள். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அரசுப் பணியை விட்டுவிட்டு வந்தார்கள். நம்பெருமாள்சாமி தேனி மாவட்டத்து அம்பாசமுத்திரத்துக்காரர். இந்த மண்ணின் பிள்ளை. 2007இல் அவருக்கும் 2024இல் நாச்சியாருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

தொடக்கத்தில் போட்ட கணக்கு எளிமையானது. பணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பார். அந்த வருமானத்தில் கொடுக்க முடியாதவருக்கும் வைத்தியம் நடக்கும். இரு பிரிவிலும் அறுவை செய்பவர்கள் அதே மருத்துவர்கள். படுக்கையும் அறையும் வேறுபடலாம், கண்ணுக்குள் போகும் கத்தி வேறுபடக் கூடாது. நன்கொடையை நம்பிய தர்ம ஆஸ்பத்திரியாக இதை அவர் நடத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நன்கொடையாளர் போனதும் மூடிக்கிடக்கும் எத்தனையோ கட்டடங்களை நம் ஊர்கள் பார்த்திருக்கின்றன.

ஆனால் உண்மையான நுட்பம் வேலையைப் பிரித்ததில் இருக்கிறது. ஒரு மருத்துவர் எத்தனை திறமைசாலியானாலும் அவருக்கு இரண்டு கைகள்தான். பார்வை அளவெடுப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவைக்கு முன் நோயாளியைத் தயார்செய்வது, முடிந்த பிறகு சொட்டு மருந்து போடச் சொல்லிக்கொடுப்பது ஆகிய எல்லாவற்றையும் மருத்துவர் தலையில் கட்டினால் அவர் நாளுக்கு ஐந்தாறு அறுவைதான் செய்ய முடியும். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கான கடைகளை நடத்துவதைப் பார்த்து வெங்கடசாமி வியந்தார். அதே ஒழுங்கைக் கண் சிகிச்சையில் கொண்டுவர முடியாதா என்று கேட்டார். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை முடியும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த இன்னொரு மேசையைத் தயாராக வைத்திருப்பவர்கள் யார்? பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி கொடுத்து அரவிந்த் அவர்களைக் கண் மருத்துவ உதவியாளர்களாக ஆக்குகிறது. நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும் இவர்கள்தான் அந்த நிறுவனத்தின் முதுகெலும்பு. மதுரை, தேனிச் சீமைகளின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து, வீட்டில் முதல் முறையாக மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணாக வந்தவர்கள் பலர். பேச்சுவழக்கும் பயமும் நோயாளிக்கும் அவர்களுக்கும் ஒன்றே என்பதால், “ஒண்ணுமில்லம்மா, வலிக்காது” என்று அவர்கள் சொன்னால் நோயாளி நம்புகிறார்.

இதைத்தான் தலைமை என்று சொல்ல வேண்டும். கைராசியைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், படிப்படியாகப் பிரித்து, பதினெட்டு வயதுப் பெண்ணும் பிழையில்லாமல் செய்யும்படி எழுதிவைப்பது. தனக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்ற பெருமையை விட்டுக்கொடுக்க எல்லோருக்கும் மனம் வராது.

கண்புரையை எடுத்த இடத்தில் பொருத்தும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை சுமார் 100 டாலர். ஏழைக்கு அதை வைக்க முடியாததால், இலவசப் பிரிவினர் தடித்த கண்ணாடியோடு வீடு திரும்பினார்கள். 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கப்பட்டது. லென்ஸ் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. அந்த லென்ஸ்கள் இன்று பல நாடுகளுக்குப் போகின்றன.

முகாம்களின் கதை இன்னும் முக்கியமானது. ஏனென்றால் சாதாரண ஊர்க்காரர்களுக்கு இதில் இடம் வருவது அங்கேதான். மருத்துவமனை மருத்துவர்களையும் கருவிகளையும் அனுப்பும். பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ பிடிப்பது, நோட்டீஸ் அடித்து ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் ஊரின் பொறுப்பு. அரிமா சங்கம், ரோட்டரி, வியாபாரிகள் சங்கம், கோயில் கமிட்டி, சில சமயம் பெற்றோர் நினைவாகச் செலவை ஏற்கும் ஒரு குடும்பம் என்று யாராவது முன்னால் நிற்பார்கள். அறுவை தேவைப்படுவோரைப் பேருந்தில் ஏற்றிப்போய், சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சேவை செய்ய ஆசைப்படும் ஒரு கடைக்காரர், கண் மருத்துவம் தெரியாமலேயே, பார்வை திரும்பும் காரியத்தில் தன் பங்கைச் செய்ய வழி இருக்கிறது.

முகாம் நடத்துபவர்களுக்குக் கூட்டத்தைப் பார்த்தாலே மனம் நிறைந்துவிடும். அரவிந்த் அந்தக் கூட்டத்தை நம்பி உட்காரவில்லை. முகாம் நடந்த கிராமங்களில் வராதவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் போனார்கள். 1999இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு கசப்பாக இருந்தது: கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை. பயம், கூலி போய்விடும் என்ற கவலை, கூட்டிப்போக ஆள் இல்லாமை, இன்னொரு கண் தெரிகிறதே என்ற சமாதானம் என எத்தனையோ காரணங்கள். தன் புகழ்பெற்ற திட்டம் நூற்றுக்கு 93 பேரைத் தொடவில்லை என்பதைத் தானே அளந்து, வெளியிலும் சொல்லும் துணிவு நிறுவனங்களில் அரிது.

அந்த ஆய்வுக்கு விடையாகப் பிறந்தவைதான் நிரந்தரமான சிறு மையங்கள். 2004இல் தொடங்கிய இந்த முயற்சியில் தேனி மாவட்டம் முன்னோடி. நம்பெருமாள்சாமியின் அம்பாசமுத்திரம் தொடக்க கால மையங்களில் ஒன்று. போடியும் சின்னமனூரும் அந்த வரிசையில் வந்தன. அப்போது சிற்றூர்களில் நம்பகமான இணைய வேகம் கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மலிவான வைஃபை கருவிகளை உயரக் கோபுரங்களில் ஏற்றி, தேனி மருத்துவமனையையும் மையங்களையும் இணைத்துக் காட்டினார்கள். இன்று அரவிந்த் நடத்தும் இத்தகைய மையங்கள் நூற்றுக்கும் அதிகம்.

தேனிச் சீமைக்கு நன்றி சொல்லத் தெரியும். 1895இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஜான் பென்னிகுவிக்குக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். 2013 ஜனவரி 15 அன்று லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அந்த நன்றிக்கு அடியில் ஓடுவது இன்றும் வயலுக்குப் பாயும் தண்ணீர். வெங்கடசாமிக்கு இங்கே பொங்கல் கிடையாது. பார்வை திரும்பி வீட்டுக்குப் போகும் மூதாட்டிக்கு அவர் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். அதில் குறை ஒன்றும் இல்லை, வேலை நடக்கிறது.

குரங்கணிக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று மலையேறிகள் காட்டுத்தீயில் சிக்கியபோது, மீட்புப் படைகளும் ஹெலிகாப்டர்களும் வந்து சேர்வதற்கு முன்னால் புகைக்குள் ஏறியவர்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள்தாம். காயம்பட்டவர்களைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த விபத்துக்குப் பிறகுதான் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. அந்த இரவின் துணிச்சல் எந்தப் பயிற்சியிலும் வந்ததல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் துணிச்சலையே நம்பியிருக்கும்படி ஒரு ஊரை விட்டுவைப்பது நியாயமில்லை. அனுமதி, வழிகாட்டி, எச்சரிக்கை என்று ஓர் ஏற்பாடு வேண்டும்; அது ஆள் மாறினாலும் நடக்க வேண்டும். அந்த இரவு மலையேறிய ஊர்க்காரர்களுக்குச் செய்யும் மரியாதையும் அதுதான்.

கண் விஷயத்திலும் மிச்சமிருக்கும் வேலை கொஞ்சமல்ல. போடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் தொழிலாளிகள் விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். கண் காட்ட வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். இப்போது சர்க்கரை நோயும் விழித்திரையைத் தின்கிறது. அது புரையைப் போல மங்கலாகத் தெரிந்து எச்சரிப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தால்தான் பிடிக்க முடியும். தோட்ட முதலாளிகள் வேலை நாளிலேயே தோட்டத்தில் பரிசோதனைக்கு இடம் கொடுக்கலாம். ஏலக்காய் வியாபாரிகள், காய் பிரிக்கும் பெண்களுக்கு அன்றைய கூலியைப் பிடிக்காமல் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம். குரங்கணி இளைஞர்கள் மேட்டுக் குடியிருப்புகளில் கண் மங்கியவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்து, குறித்த தேதியில் ஒரு ஜீப்பில் இறக்கிக்கொண்டு வரலாம். மருத்துவர், லென்ஸ், சிஸ்டர், படுக்கை எல்லாம் 31 கிலோமீட்டருக்குள் தயாராக இருக்கின்றன. அந்த ஜீப்பை ஏற்பாடு செய்ய ஆள் வேண்டும்.