பிரேக் இல்லாத பந்தயம்

சோழவரத்தில் பைக் பந்தயம் பார்த்த நம்மவர்களுக்குக்கூட ஸ்பீட்வே வியப்பாகத்தான் இருக்கும். வண்டிக்குப் பிரேக்கே கிடையாது! 500 சிசி எஞ்சின், ஒரே கியர், மெத்தனால் எரிபொருள். நீள்வட்ட மண் பாதையில் நான்கு பேர், நான்கு சுற்று. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். வளைவெல்லாம் இடப்பக்கமே. பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, இரும்புத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் தேய்த்தபடி திரும்புவார்கள்.

1994 வரை உலகப் பட்டத்துக்கான இறுதிப் போட்டி அநேகமாக ஒரே நாளில் முடிந்துவிடும். 1995 முதல் கிராண்ட் பிரீ தொடர். ஊர் ஊராகச் சென்று புள்ளி சேர்க்க வேண்டும். நியாயமான முறைதான், மறுக்கவில்லை. போலந்தின் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2019க்கும் 2024க்கும் இடையே ஐந்து முறை வென்றது திறமைக்குக் கிடைத்த பரிசு.

இருந்தாலும் என் மனம் பழைய முறையைத்தான் நாடுகிறது. 1973-ல் போலந்தின் சிலேசிய மைதானத்தில், நான்கு முறை சாம்பியனான நியூஸிலாந்தின் ஐவன் மாகரும் உள்நாட்டு வீரர் யெஷி ஷ்சாகியேலும் புள்ளிகளில் சமம். இருவரையும் மறுபடி ஓடவிட்டார்கள். மாகர் விழுந்தார். போலந்துக்கு முதல் உலகப் பட்டம்! வெறும் அதிர்ஷ்டம் என்பார்கள் சிலர். இருக்கட்டுமே, தொடர் முறையில் அப்படியொரு நாள் வாய்க்குமா?

மாகரும் லேசில் விடவில்லை. 1979-ல் அதே மைதானத்தில் தமது ஆறாவது பட்டத்தை வென்றார்.