கொள்ளிவாய்ப் பேயும் மீண்டுவரும் பகையும்

தீயை உமிழ்ந்துகொண்டு வானிற் பறந்துவரும் பகையுயிர் ஒன்று, எத்துணை முறை வீழ்த்தப்படினும் மீண்டும் தோன்றுவதாகக் கற்பித்துரைக்கும் வழக்கம் உலக மக்கள் பலரிடத்தும் காணப்படுவது. பழங்கதைகளிலும் கூத்துகளிலும் வாழ்ந்த இக்கற்பனை இக்காலத்து வீடியோ விளையாட்டுகளிலும் குடிபுகுந்துள்ளது. சிறுவர் பொழுதுபோக்கு என இதனை ஒதுக்கிவிடாது, தமிழ்ச் சொல்வழக்கோடும் நாட்டார் நம்பிக்கையோடும் ஒப்பவைத்து நோக்கின், சில உண்மைகள் புலனாகின்றன. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட ஏரி நிலப்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

விளையாட்டிற் காணும் பகை

மேடைகள் படிப்படியாக அமைந்திருக்க, அவற்றின்மேல் தாவியும் ஏறியும் முன்செல்லும் விளையாட்டு வகையை மேடைத்தாவல் விளையாட்டு எனலாம். ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மெட்ராய்டு' இவ்வகையைச் சார்ந்தது. சாமுஸ் ஆரன் என்னும் வீராங்கனை, செபஸ் என்னும் கோளின் நிலத்தடி வழிகளில் இறங்கிப் பகைவரை அழிப்பது அதன் கதை. அப்பகைவருள் தலையாய ஒருவன் ரிட்லி. சிறகும், நீண்ட வாலும், அலகு போன்று நீண்ட வாயும் உடையவன். வாயினின்று தீயை உமிழ்பவன். 1979-இல் வெளிவந்த 'ஏலியன்' என்னும் திரைப்படத்தின் தாக்கம் இத்தொடரில் உண்டு. இப்பகைவனின் பெயரும் அப்படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் பெயரை ஒட்டியது என்பர்.

முதல் விளையாட்டில் இவன் உருவிற் சிறியவன். ஓரிடத்தே எழும்பியெழும்பித் தீக்கோளங்களை உமிழ்வான். 1994-இல் வந்த 'சூப்பர் மெட்ராய்டு' விளையாட்டில் பேருருக் கொண்டு பறக்கின்றான். தொடக்கத்திலேயே தோன்றித் தப்பியோடிப் பின்னர் நார்ஃபேர் என்னும் வெம்மை மிக்க ஆழ்நிலத்தில் எதிர்ப்படுகின்றான். 2002-இல் இரு விளையாட்டுகள் வெளிவந்தன. 'மெட்ராய்டு பிரைம்' என்பதில் எந்திர உறுப்புகள் பொருத்தப்பட்டவனாய் வருகின்றான். 'மெட்ராய்டு ஃபியூஷன்' என்பதில் வருபவன் அவனல்லன். அவன் வடிவை மேற்கொண்ட ஓர் ஒட்டுண்ணி. 2010-இல் வந்த 'அதர் எம்' விளையாட்டில் அவனுடைய உயிரணுவினின்று குளோனிங் முறையிற் படைக்கப்பட்ட வேறோர் உயிர் வருகின்றது. 2017-இல் 'சாமுஸ் ரிட்டர்ன்ஸ்' விளையாட்டின் இறுதியில் மீண்டும் தோன்றுகின்றான்.

இவற்றைத் தொகுத்து நோக்குங்கால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, இறந்த பகை மீண்டு வருவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கூறப்படுகின்றது. எந்திரம், ஒட்டுண்ணி, குளோனிங் என்பன அக்காரணங்கள். மற்றொன்று, தீயுமிழ்தல் கண்மூடித்தனமாக நிகழ்வதன்று. அதற்கு ஒரு முறைமை உண்டு. வாய் திறத்தல், தீ வெளிப்படுதல், ஓய்தல் என்னும் ஒழுங்கினை உற்றுநோக்கி அறிந்தவரே வெல்லுதல் கூடும். எனவே அத்தீ அச்சுறுத்தும் படையாக மட்டுமன்றி, ஆடுவோர்க்குக் காலமறிதலைக் கற்பிக்கும் குறியாகவும் அமைகின்றது.

கொள்ளிவாய் என்னும் சொல்

இத்தகைய பகையைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் முன்னரே உண்டு. அதுவே கொள்ளிவாய்ப் பேய் என்பது. பேச்சு வழக்கில் கொள்ளிவாய்ப் பிசாசு என்பர். கொள்ளியாவது எரிகின்ற விறகு. இறந்தார்க்கு ஈமத்தீ இடுதலையும் கொள்ளி வைத்தல் என்றே வழங்குகின்றோம். ஆகவே இச்சொல்லில் தீயும் சாவும் ஒருங்கே நிற்கின்றன. இத்தொடரைக் கொள்ளி போலும் வாயையுடைய பேய் என்றும், கொள்ளியை வாயிலே உடைய பேய் என்றும் இருவகையாக விரிக்கலாம். முன்னதன்படி வாயே ஒளிர்வது. பின்னதன்படி வாயினுள் தீ இருப்பது. அகராதிகளும் இதற்குத் தீயுமிழும் பேய் என்றும், சதுப்பு நிலத்தில் இரவிற் காணும் ஒளி என்றும் இரு பொருள் கூறுகின்றன.

பேயையும் கொள்ளியையும் இணைத்து நோக்கும் மரபு தொன்மையானது. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று வாலாஜா சாலை வரை திறக்கப்பட்ட இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி வழியே மேற்கு நோக்கிச் செல்கின்றது. அப்பாதையில் அரக்கோணத்திற்கு முன்னர் உள்ளது திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் அவ்வூர்மேற் பாடிய மூத்த திருப்பதிகங்கள் பதினோராந் திருமுறையிற் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு பேய், ஈமத்தில் எரிந்த கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மையிட்டுக் கொள்வதாக ஒரு காட்சி வருகின்றது. அங்குக் கொள்ளி பேயின் வாயில் இல்லை, கையில் உள்ளது. ஆயினும் சுடுகாட்டுத் தீயினின்று பேய் கொள்ளி கவரும் என்னும் எண்ணம் அம்மையார் காலத்திலேயே நிலவியது என்பது இதனாற் பெறப்படும்.

ஏரியும் ஒளியும்

கொள்ளிவாய்ப் பேய் உலவும் இடங்களாக மக்கள் கூறுவன சுடுகாடும் ஏரிக்கரையும் சதுப்பு நிலமுமே. இருளில் ஓர் ஒளி தோன்றும், அலையும், மறையும், அணுகினால் விலகும். பேய் வாய் திறக்குங்கால் தீத் தோன்றுகின்றது, மூடுங்கால் மறைகின்றது என்பது நாட்டார் விளக்கம். ஒளி விட்டுவிட்டுத் தோன்றுவதற்குக் காரணம் கூற முற்பட்ட மக்கள், திறந்து மூடும் உறுப்பாகிய வாயைத் தேர்ந்தமை கருதத்தக்கது. இஃது அச்சத்திற் பிறந்த சொல்லாயினும், கூர்ந்து நோக்கியவர் படைத்த சொல்லுமாகும்.

இவ்வொளிக்கு அறிவியலார் கூறும் காரணம் வருமாறு. நீருள் அமிழ்ந்து அழுகும் இலை, தழை முதலியவற்றை உயிர்வளி புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது மீத்தேன் என்னும் வளி உண்டாகின்றது. இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1776-ஆம் ஆண்டில் மாஜோரே ஏரியின் சேற்றினின்று எழுந்த குமிழிகளைத் திரட்டி, அவ்வளி எரியும் இயல்பினது எனக் காட்டினார். மீத்தேன் இயல்பான வெப்பத்தில் தானே தீப்பற்றுவதன்று. பாஸ்பரஸ் கலந்த வளிகள் சில காற்றுப்பட்ட அளவில் எரிவன. அவையே மீத்தேனைப் பற்றவைக்கின்றன என்பது நெடுநாளாக வழங்கிவரும் விளக்கம்.

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி ஏரிகளும் பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியும் அமைந்த இந்நிலப்பகுதி இத்தகைய நம்பிக்கைக்கு ஏற்ற களமாகும். ஆழங்குறைந்த நீர், கரையோரச் சேறு, அழுகும் தழை, விளக்கில்லா இரவு ஆகிய நான்கும் கூடிய இடத்தில் இரவில் நடப்பார்க்கு உண்மையான இடர் ஒன்று உண்டு. அது சேற்றிற் புதைதல். ஒளியைப் பின்தொடர்ந்து செல்லாதே என்னும் அச்சுரை, சேற்றினுட் கால் வையாதே என்னும் அறிவுரையின் வேறு வடிவமே. தீயைக் காட்டிக் காலமறிதலை விளையாட்டுக் கற்பிக்கின்றது. அதே தீயைக் காட்டி இடமறிதலை நாட்டார் வழக்குக் கற்பித்தது.

மூவகை மீள்வருகை

இனி, பகை மீண்டு வருதலை நம் மரபு எவ்வாறு கொண்டது என்பதனைக் காண்போம். கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணத்திற் சூரபன்மன் பல வடிவு கொண்டு பொருகின்றான். சக்கரவாகப் பறவையாகிப் பறந்து போரிடுதலும் அவற்றுள் ஒன்று. அப்போது இந்திரன் மயிலாகி முருகனைத் தாங்கினான் என்பது கதை. இறுதியில் மாமரமாய் நின்ற சூரனை வேல் பிளக்க, இரு கூறும் சேவலும் மயிலுமாயின. அவை முருகனின் கொடியும் ஊர்தியும் ஆயின. ஐப்பசித் திங்களிற் சூரசம்மார விழாவில் யானைமுகம், சிங்கமுகம், சூரன் முகம் என ஒரே உடலுக்குத் தலைமாற்றிக் காட்டும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. ஆண்டுதோறும் பகை மீண்டு வருகின்றது, ஆண்டுதோறும் ஆட்கொள்ளப்படுகின்றது.

நாம் எடுத்துக்கொண்ட நிலப்பகுதியிலேயே இக்கருத்திற்கு மற்றொரு சான்று உளது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயில் சுந்தரர் பாடல் பெற்ற தலம். தொண்டைமான் என்னும் மன்னன் ஓணன், வாணன் என்னும் குறும்பர் தலைவரொடு பொருது முதலில் வெல்ல இயலாது திரும்பினான் என்றும், வழியில் அவன் யானையின் காலைச் சுற்றிய முல்லைக் கொடியை வெட்டுங்கால் ஆங்குச் சிவலிங்கம் வெளிப்பட்டது என்றும், பின் இறையருளால் வென்றான் என்றும் தலவரலாறு கூறும். குறும்பர் கோட்டையினின்று கொணர்ந்த எருக்கந் தூண்கள் இரண்டு கருவறை வாயிலில் நிறுத்தப்பட்டன என்பது அவ்வரலாற்றின் முடிவு. பகைவன் மரமே இறைவனுக்கு வாயிற்றூண் ஆயிற்று.

ஆக, மீள்வருகை மூவகைப்படும். ரிட்லி கொல்லப்பட்டு, வேறோர் உடலொடு மீள்பவன். அவனொடு கொள்ளும் உறவு போர் ஒன்றே. சூரன் ஆட்கொள்ளப்பட்டு, விழாவில் மட்டும் மீள்பவன். அவனொடு கொள்ளும் உறவு நினைவு. கொள்ளிவாய்ப் பேயோ கொல்லவும் படாது, ஆட்கொள்ளவும் படாது. அதனை யாரும் வென்றதாகக் கதை இல்லை. ஏரி உள்ள வரையில் அது மீண்டு வரும். மக்கள் விலகி நடப்பர். அதனொடு கொள்ளும் உறவு எல்லையறிதல் ஆகும். இம்மூன்றாம் உறவே இன்று அருகி வருவது.

எல்லை மறைந்ததன் விளைவு

ஆவடியிற் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961-இலும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களிலும் எழுந்தன. வயல்கள் மனைகளாயின, மின்விளக்கு இரவை அகற்றியது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சி ஆயிற்று. ஏரிகளிற் கழிவுநீர் கலந்தது; கரைகள் சுருங்கின. அழுகலும் வளியும் குறைந்தில, இருளே குறைந்தது. எனவே பேய் அழிந்ததன்று, காணப்படாது ஒழிந்தது. அதனோடு, இதற்கப்பால் நீரின் இடம் என்று மக்கள் மனத்திற் கிடந்த கோடும் அழிந்தது. தொழிலும் வீடும் பெருகியதைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. பல்லாயிரவர்க்கு அவை வாழ்வளித்தன. ஆயின், 2015 டிசம்பரிற் செம்பரம்பாக்கம் ஏரியினின்று நீர் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை மக்கள் பட்ட துன்பமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையுள் வெள்ளம் புகுந்தமையும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. நீர் தன் பழைய இடத்திற்கு மீண்டு வரும். அதற்கு விளையாட்டிற்போலப் புதுக்காரணம் கற்பிக்க வேண்டுவதில்லை. மழை ஒன்றே போதும்.

பேய் நம்பிக்கையை மீட்டல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. அச்சத்தின் வடிவில் இருந்த அறிவை, அறிவின் வடிவிலேயே போற்றல் வேண்டும் என்பதே கருத்து. அதற்கு இருபணிகள் உள. ஏரிக்கரை ஊர்களின் முதியோரிடத்து எஞ்சியுள்ள கொள்ளிவாய்ப் பேய்க் கதைகளை, அவை வழங்கிய இடம், அவற்றுள் வரும் ஏரி, மடை, கலங்கல் ஆகியவற்றின் பெயர்களோடு தொகுத்தல் முதற்பணி. எந்தக் கரையில் ஒளி தோன்றியதாகக் கதை கூறுகின்றதோ, அக்கரையிற் பழைய நீர்ப்பரப்பின் எல்லை எது என ஆராய அது துணையாகும். இரண்டாவது, வீடியோ விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர், தீயுமிழ்ந்து பறக்கும் பகையைக் குறிக்கக் கொள்ளிவாய்ப் பகை என்னும் சொல்லை ஆளுதல். வாய் திறத்தலும் மூடுதலும் குறியாக அமைவதனைத் தன்னுள்ளே கொண்ட இச்சொல், ரிட்லி முதலாய பகைகளுக்கு மிகப் பொருந்துவதாகும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ அவ்விளையாட்டை ஆடும் சிறுவன் அச்சொல்லைக் கேட்பின், தன் ஊர் ஏரிக்கும் அதற்கும் உள்ள தொடர்பை வினவுதல் கூடும். அவ்வினாவிற்கு விடை கூறவல்ல முதியோர் நம்மிடையே உள்ளபோதே இப்பணியைத் தொடங்குதல் தமிழ் ஆய்வாளர் கடனாகும்.