பீரோ சாவி யாரிடம்?

நான் படித்த பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் நாங்கள் சேர்ந்து நாற்பது லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். புதியவை இல்லை. ஒரு நிறுவனம் கழித்துக் கட்டியவற்றை விலைக்கு வாங்கி, பேட்டரி மாற்றித் துடைத்துக் கொடுத்தோம். விழா நடந்தது. பொன்னாடை, போட்டோ, கேசரி. மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனபோது நாற்பதும் தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோவுக்குள் இருந்தன. பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டை வேறு போட்டிருந்தார்கள்.

"பூட்டி வெச்சாத்தானே தம்பி பத்திரமா இருக்கும்" என்றார் தலைமையாசிரியர்.

சென்னையில் முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. ஆசிரியர்களுக்குக் கணினி தெரியவில்லை, கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை புரொஜெக்டரோடு வந்து காலையிலிருந்து மாலைவரை பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள், டீ குடித்தார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்கள். பீரோ திறக்கவில்லை.

காரணம் டீக்கடையில்தான் தெரிந்தது. அறிவியல் ஆசிரியர் சொன்னார்: "வகுப்புக்கு எடுத்துட்டுப் போனா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என் பேரு ஏறும் தம்பி. ஒண்ணு உடைஞ்சா ஆடிட்ல கேப்பான். ரிட்டயர் ஆகுறப்போ அது என் பென்ஷன் பேப்பர்ல வந்து நிக்கும்."

இன்னொரு பயமும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முப்பது வருடம் தடுமாறாமல் பாடம் நடத்தியவர், எட்டாம் வகுப்புப் பையன் முன்னால் எந்தப் பட்டனை அழுத்துவது என்று முழிக்க வேண்டும். அந்த அவமானத்துக்கு பீரோவே மேல்.

இதற்குப் பிறகுதான் எங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் போனவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்றொரு மாநிலம். மக்கள்தொகை சுமார் 14 லட்சம். நம் மதுரையும் சுற்றுப்புறமும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். அதன் அப்போதைய ஆளுநர் ஆங்கஸ் கிங் (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்) 2000-இல் ஏழாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் லேப்டாப் என்று அறிவித்தார். அவர் மனதில் இதை விதைத்தவர் சேமூர் பாப்பர்ட். குழந்தைகளுக்கான லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். மூன்று பேருக்கு ஒன்று என்று பங்குபோட்டால் பயனில்லை, ஆளுக்கொன்று வேண்டும் என்பது அவர் கட்சி. மக்கள் திட்டினார்கள், சட்டமன்றம் நிதியை வெட்டியது. ஆனாலும் 2002-இல் கல்வியாண்டு தொடங்கியபோது சுமார் 17,000 ஏழாம் வகுப்பு மாணவர்களின் கையில் ஆப்பிள் ஐபுக் இருந்தது. மறுவருடம் எட்டாம் வகுப்புக்கும் வந்தது.

கிங்கின் துணிச்சலைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. திட்டத்தை நடத்த வந்த இயக்குநர் மான்செஸ்டர் அம்மையார் கணினி நிபுணர் அல்ல. நடுநிலைப் பள்ளி ஒன்றின் முதல்வராக இருந்தவர். பள்ளிக்கு ஒரு ஆசிரியர் முன்னோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கணினி ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. சக ஆசிரியர்கள் மதிக்கிறவராக இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு முன்பே ஆசிரியர்களுக்கு லேப்டாப் போனது. பல பள்ளிகளில் மாணவர்களே பழுது பார்க்கும் குழுவானார்கள்.

தலைகீழாக நடந்த கதையும் உண்டு. 2013-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐபேட் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே மாணவர்கள் அதிலிருந்த பூட்டை அவிழ்த்து பேஸ்புக்குக்குள் போய்விட்டார்கள். அதிகாரிகள் பதறி, வீட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தமே நின்றுபோனது. பூட்டை அவிழ்த்த பிள்ளைகளைத்தான் நான் பழுது பார்க்கும் குழுவில் முதலில் சேர்த்திருப்பேன்.

நம் ஊர்க் கணக்கு வேறு. 2011 செப்டம்பர் 15 அன்று காக்களூரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் எண்ணிக்கைக்கு முன்னால் மெய்ன் நிற்க முடியாது. எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கணினி. என் அத்தை மகள் கல்லூரி புராஜெக்டை அதில்தான் முடித்தாள். அந்தத் திட்டத்தைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. ஆனால் பிளஸ் டூ மாணவர் கைக்கு அது வந்து சேர்ந்தபோது பெரும்பாலும் அவர் பள்ளியைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆசிரியர் அதை வைத்துப் பாடம் நடத்தப் பழகுவதற்கு இடமே இருக்கவில்லை. பள்ளியில் கணினி தெரிந்த இளைய ஆசிரியர் ஒருவர் இருந்தால், எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, உதவித்தொகைப் பட்டியல் எல்லாம் அவர் தலையில் விழும். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். அவரை நான் முன்னோடி ஆக்கப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிட்டார்.

முன்னோடி வேறு பக்கத்திலிருந்து வந்தார். தமிழம்மா. ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. "பிள்ளைங்க பாட்டிமாருகிட்ட கேட்டு ஊர்ச் சொல்லெல்லாம் எழுதிட்டு வராங்க. அதை இதுல தமிழ்ல ஏத்த முடியுமா தம்பி?" என்று கேட்டார். ஸ்லைடில் நான் சொன்ன எதுவும் அந்தக் கேள்வியில் இல்லை.

தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் அம்மா. தமிழம்மா வகுப்பில் முதல் நாள் புள்ளியைத் தனியாகத் தேடிக்கொண்டு நின்றார். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "அது தானா வரும் டீச்சர்" என்றான். "அப்படியா, வந்து காட்டு" என்று நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டார். ஜன்னல் வழியாக மற்ற ஆசிரியர்கள் அதைப் பார்த்தார்கள். என் சனிக்கிழமைப் பயிற்சி செய்யாததை அந்த நாற்காலி செய்தது.

ஆளுக்கொரு லேப்டாப் என்று உலகில் முதலில் இறங்கிய பள்ளிகளில் ஒன்று மெல்போர்ன் மெதடிஸ்ட் லேடீஸ் காலேஜ், 1990-இல். அப்போது அதன் முதல்வராக இருந்த டேவிட் லோடர், 'தி இன்னர் பிரின்சிபல்' என்ற நூலை 1997-இல் எழுதினார். தலைமைப் பதவியில் இருப்பவரின் மனதுக்குள் ஓடும் பயத்தையும் தடுமாற்றத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த நாற்காலிதான்.

ஸ்டாக் ரிஜிஸ்டர் மிச்சமிருந்தது. நான் தலைமையாசிரியரோடு இரண்டு மாலை உட்கார்ந்தேன். இந்த முறை வாயைத் திறக்கவில்லை, அவர் பேசினார். தனக்கு முன்னால் இருந்தவர் காணாமல்போன ஒரு தராசுக்குப் பதில் எழுதி எழுதி ஓய்ந்த கதையைச் சொன்னார். கடைசியில் நாற்பதையும் தன் பெயரிலேயே ஏற்றிக்கொண்டார். ஆசிரியர்களுக்குக் கையெழுத்து இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து ஆறு பேர் எண்ணி எடுத்து, எண்ணி வைத்தார்கள். வகுப்பறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் என்பதால், அவர் அறையிலேயே சார்ஜ் போட்டோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகி முதல் நாளே டிரிப் ஆனது தனிக் கதை.

இரண்டாவது மாதம் ஒரு சிறுமி வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். லேப்டாப் திரை நொறுங்கியது. அழுதுகொண்டே தலைமையாசிரியர் முன் நின்றாள். அவர் முதலில் அவள் முட்டியைப் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரை எடுத்து, "மாணவர் பயன்பாட்டில் பழுதானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதுவரை மூன்று உடைந்திருக்கின்றன. மூன்றுக்கும் அதே வரிதான். பீரோ சாவி இப்போது அறைக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்குகிறது.