விமானிக்கு வானிலை சொல்லும் குரல்

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுபவர், புறப்படும் முன் ஒரு இலவச எண்ணை அழைத்தால் வழிநெடுகிலும் உள்ள வானிலையை ஒருவர் விளக்கிச் சொல்வார். அரசு நடத்திவந்த இந்தச் சேவையில் 58 நிலையங்கள் 2005இல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. இன்று பெரும்பாலோர் அதே தகவலைக் கைபேசியிலும் டேப்லெட்டிலும் பார்த்துக்கொள்கிறார்கள். அழைப்புகள் குறைந்த பிறகும் பழையபடி எல்லா நிலையங்களும் வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. தகவலைத் திரட்டித் தருவதில் இயந்திரத்துக்குக் களைப்பும் கிடையாது.

ஆனால் தகவல் வேறு, அதன் பொருள் வேறு. திரையில் '12/11' என்று நிற்கும். வெப்பநிலை 12, காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் பனிநிலை 11. இரண்டும் இப்படி நெருங்கினால் மூடுபனி இறங்கலாம். அவசரத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது வெறும் எண். தொலைபேசியில் இருப்பவரோ, கண்பார்வையை நம்பிப் பறப்பது இன்று உகந்ததல்ல என்று வாய்விட்டுச் சொல்வார். மென்பொருளும் எச்சரிக்குமே என்பார்கள். எச்சரிக்கும்தான், விமானியின் குரலில் உள்ள தயக்கத்தைக் கேட்டு, 'எரிபொருள் எவ்வளவு இருக்கிறது, மாற்று விமான நிலையம் எது?' என்று அது திருப்பிக் கேட்குமா? மலைக்கணவாய்களில் வானிலை சட்டென மாறும் அலாஸ்காவில் மட்டும் நிலையங்களை அரசே தன்னிடம் வைத்துக்கொண்டது. கணவாய்களைக் காட்டும் கேமராக்களும் அங்கே உண்டு, பேச ஆளும் உண்டு.