அலைச்சறுக்கு விடுமுறையும் கரையின் உரிமையும்

புதுதில்லி: பெங்களூரு நகரின் நடுவே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி ஆஸ்டின் டவுன். அங்குள்ள ஒரு குடும்பம் மூன்று நாள் விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டி, அலைச்சறுக்கும் பழக்கிவர எண்ணினால், முதலில் எழும் கேள்வி கிழக்கா, மேற்கா என்பதே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நகரிலிருந்து சென்னைக்கும் மங்களூருக்கும் தொலைவு ஏறக்குறைய ஒன்றுதான்: சுமார் 350 கி.மீ. எத்திசையில் சென்றாலும், அவர்கள் கால் பதிக்கப்போகும் மணலில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதை முடிவு செய்யும் அறிவிக்கை, தில்லி ஜோர் பாகில் உள்ள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்து வெளியாகிறது.

பருவமே வழிகாட்டி

திசையை முடிவு செய்வது பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையால் மேற்குக் கரை கொந்தளித்துக் கிடக்கும். புதியவர்கள் அப்போது அங்கு நீரில் இறங்கலாகாது. அக்டோபர் தொடங்கி கோடையின் முற்பகுதி வரை முல்கி, கோகர்ணா கரைகள் உகந்தவை. நாட்டின் முதல் அலைச்சறுக்குச் சங்கம் எனப்படும் மந்த்ரா, 2004 ஆம் ஆண்டு முல்கியில்தான் தொடங்கியது.

சென்னையை அடுத்த கோவளம், மாமல்லபுரம் கரைகளில் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களைத் தவிர்ப்பது நலம். ஜனவரி முதல் மார்ச் வரை எழும் சிறிய அலைகள் கற்பவர்களுக்கு ஏற்றவை. மே முதல் ஆகஸ்ட் வரை எழும் பெரிய அலைகள் தேர்ந்தவர்களுக்கு உரியவை. சுருங்கச் சொன்னால், தசரா விடுமுறைக்கு மேற்கு, பொங்கல் விடுமுறைக்குக் கிழக்கு.

எக்கரையானாலும் பயிற்சியாளர் துணையின்றி இறங்கக் கூடாது. 2024 டிசம்பரில் முருடேஸ்வரம் கடற்கரைக்குச் சுற்றுலா சென்ற கோலார் மாவட்டப் பள்ளி மாணவியர் நால்வர் அலையில் சிக்கி உயிரிழந்தது நினைவிருக்கலாம். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர், அதை எதிர்த்துக் கரை நோக்கி நீந்தினால் விரைவில் களைத்துப்போவார். கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பின்னரே கரையேற வேண்டும். இதனை முதல் பாடமாகக் கற்பிக்கும் பள்ளியே நல்ல பள்ளி.

கட்டுமரத்தின் பிள்ளைகள்

கோவளத்தில் இப்பாடத்தைக் கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் மீனவ இளைஞர்கள். இவர்களுக்கு வழிகாட்டியவர் அவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன். 2012 ஆம் ஆண்டு அங்கு உருவான பயிற்சிப் பள்ளியின் பின்னணியில் இருந்தவரும் அவரே. கட்டுமரத்தில் நின்றபடி அலையின் எழுச்சியையும் உடைவையும் கணித்த சமூகத்துக்கு, பலகையின் மீது நிற்பது முற்றிலும் அந்நியமான கலையன்று.

அந்தக் கரைக்கு இன்று உலக கவனம் கிட்டியுள்ளது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்றதைத் தொடர்ந்து, 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலகத் தகுதிச்சுற்றுப் போட்டி நடைபெற்றது. 2025 ஆகஸ்டில் அங்கேயே நடந்த ஆசிய சாம்பியன் போட்டியில் ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார். ஆசிய அளவில் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அது என்பது குறிப்பிடத்தக்கது.

500 மீட்டரும் 10 மீட்டரும்

புகழ் வரும் இடத்துக்கு முதலீடும் வரும். முதலீடு வந்த பின் கரை யாருக்கு என்பதே கேள்வி.

1981 ஆம் ஆண்டு பிரதமர் இந்திரா காந்தி, உச்ச ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரைகளைப் பாதுகாக்க வேண்டுமெனக் கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991 இல் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகப் பகுதிகளில் முதல் 200 மீட்டரைக் கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதியாக்கியது.

ஆழிப்பேரலைக்குப் பின், 2005 மார்ச்சில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர்கள் அதற்கு அப்பால் இலவச வீடு பெறலாம். ஆனால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். இடம்பெயர மறுப்பவர்கள் தம் செலவிலேயே வீட்டைப் பழுதுபார்த்துக் கொள்ளலாம். அரசின் உதவி கிடைக்காது. கடல் ஆபத்தானது என்பதே அன்று மீனவருக்குச் சொல்லப்பட்ட காரணம்.

2019 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட புதிய அறிவிக்கையோ, சதுர கி.மீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடலோரப் பகுதிகளில் அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. உணவுக் கொட்டகை, உடைமாற்றும் அறை போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளை, உச்ச ஓத எல்லையிலிருந்து 10 மீட்டர் விட்டு அமைக்கவும் அனுமதித்தது. தற்காலிகக் கொட்டகையும் நிரந்தர வீடும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆயினும் வலை உலர்த்தவும், படகை ஏற்றி வைக்கவும், மீன் காயவைக்கவும் மீனவருக்குத் தேவைப்படுவது அந்த மணல் பரப்பேயாகும். அங்கு எழும் ஒவ்வொரு கொட்டகையும் அவர்களது தொழிலிடத்தைக் குறுக்கும்.

அதே அறிவிக்கையில் வேறொரு வழியும் உள்ளது. மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள், வீட்டின் அமைப்பை மாற்றாமல், பயணிகளைத் தங்க வைத்து வருவாய் ஈட்ட அது இடமளிக்கிறது. இந்த வழி தழைப்பதும் பட்டுப்போவதும் பயணிகளின் கையில்தான் உள்ளது.

ஆஸ்டின் டவுன் குடும்பம் பயணச்சீட்டு எடுக்கும் முன் பருவத்தைப் பார்ப்பது போல, தங்குமிடம் யாருடையது, கற்றுத்தருபவர் எவ்வூரார், தரும் கட்டணம் யாரைச் சேர்கிறது என்பதையும் கேட்டறிதல் நன்று. மூன்று நாளில் விடுமுறை முடிந்துவிடும். அலையை அறிந்தவன் அக்கரையிலேயே வாழ வேண்டும்.